ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

மொழிபெயர்ப்புக்கு முந்நூறு ரூபாய்,
மதியச் சாப்பாடு தனி.

மடிவாளாவில் பஸ் மாறி வந்து இறங்கினாள் ரெஹெமா.
கையில் நாற்பத்திரண்டு படிவம்,
ஒவ்வொன்றிலும் பத்தொன்பது கேள்வி.
ஊர் ம்வான்ஸா என்றாள். எங்கே அது என்றேன்.
தான்சானியாவில், ஏரிக்கரையில்.
எங்கள் காலனியும் ஏரிக்கரைதான்,
ஏரியைத்தான் காணோம்.

முதலில் கிளினிக்.
பெஞ்சில் ஜெபமணி, மடியில் இருமும் பையன்.
'இங்கு கிடைக்கும் சேவையில் உங்கள் திருப்தி
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?'
"பரவால்ல" என்றாள் ஜெபமணி.

ரெஹெமாவின் பேனா என்னைப் பார்த்தது.

பரவாயில்லைக்கு என்ன எண்?
டாக்டர் வந்திருந்தால் நாலு.
மருந்தை வெளியே வாங்கச் சொல்லியிருந்தால் இரண்டு.
பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொன்னால் மன்னிப்பு.
கேட்ட கடனை இல்லையென்றவளிடம்
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னால்
அதற்கு எண்ணே கிடையாது.
"மூன்று" என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன பொய்களில் அது முதலாவது.

அடுத்து தண்ணீர் மெஷின்.
ஐந்து ரூபாய் போட்டால் இருபது லிட்டர்.
காசை விழுங்கிவிட்டு
யோசித்துக்கொண்டிருந்தது மெஷின்.
சகாயராணி அதன் விலாவில் ஓங்கி ஒன்று வைத்தாள்,
கொட்டியது.
பதினோராவது கேள்வி:
'குறைகளைத் தெரிவிக்க ஏற்பாடு உண்டா?'
"இப்பத்தான பாத்தீங்க" என்றாள் சகாயராணி.
வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டாள் ரெஹெமா.

வார்டு ஆபீஸ் ஜன்னலில்
'நாளே பன்னி' என்றார்கள்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.
வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில்
ஆறு மாதமாகக் கேட்கிறாளாம் அதே கன்னடத்தை.

மூன்று மணிக்கு மும்தாஜ் வீட்டில் உட்கார்ந்தோம்.
தகரம் தகதகவென்று கொதித்தது.
மும்தாஜ் படிவத்தைப் பிடுங்கித்
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
"இப்ப நாங்க கேக்கிறோம், சொல்லச் சொல்லு" என்றாள்.

வீட்டு வாடகை எவ்வளவு?
பதினாலாயிரம்.
பக்கத்து வீட்டுக்கு?
எட்டு.
ஏனாம்?
ரெஹெமா ஒற்றை விரலால்
தன் புறங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.
"நாங்க வேல செய்யற அபார்ட்மெண்ட்ல
எங்களுக்கு டம்ளர் தனி" என்றாள் சகாயராணி.
"லிஃப்டும்" என்றாள் மும்தாஜ்.
நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குமுன்
ரெஹெமா தலையசைத்துவிட்டிருந்தாள்.

கல்யாணம்?
"பாடோ" என்றாள்.
அப்படியென்றால் 'இன்னும் இல்லை'.
அவர்கள் மொழியில் வெறுமனே இல்லை என்றால்
மரியாதை ஆகாதாம்;
வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று
சொல்லி வைப்பார்களாம்.

மும்தாஜ் அதைப் பிடித்துக்கொண்டாள்.
"ஹக்குப் பத்திரம் பதினேழு வருஷமா பாடோ.
கக்கூஸ் கதவு பாடோ.
எம் மூத்தவனுக்குப் புத்தி பாடோ."
சிரித்துச் சிரித்து சகாயராணிக்குப் புரையேறியது.
எந்தக் கட்டத்தில் இதையெல்லாம் எழுதுவது?
ரெஹெமா படிவத்தைத் திருப்பிப்போட்டு
வெறும் பக்கத்தில் எழுதினாள்.

முப்பத்தொரு படிவம் முடிந்தது, இருட்டிவிட்டது.
பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.
முந்நூறு ரூபாய்? காலேஜில் கேட்க வேண்டும்.
பாடோ.

படுத்தால் தூக்கம் வரவில்லை.
ஜெபமணியின் பையன் இரண்டு வீடு தள்ளி இருமுகிறான்.
பத்தரைக்கு போன் போட்டேன்.
"முதல் படிவத்தில் மூன்று இருக்கிறதே,
அதை அடித்துவிடு."
வேறென்ன போட?
"தெரியவில்லை."

அந்தப் பக்கம் கதவைத் தட்டும் சத்தம்,
வீட்டுக்காரர் குரல்.
அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து
அவருக்கு என்னவோ பதில் சொன்னாள்.
ஏதும் பிரச்சினையா என்றேன்.

"பரவால்ல" என்றாள்,
தமிழில்.